‘ஸ்கேரி’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் பேசப் பழகுகிற தமிழர்கள் ‘ஸ்கேரி’, ‘ஸ்கேர்டு’, ‘ஹாரிபிள்’, ‘டெரிபிள்’ போன்ற சொற்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாமும் பயத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவர்கள்தான். ஆனால் அதைத் தமிழில் கட்டுகிற விதம் வேறு, ஆங்கிலத்தில் கட்டுகிற விதம் வேறு. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

‘ஸ்கேரி’ என்றால் தமிழில் என்ன?

பயமுறுத்துகிற, அச்சமூட்டும். பேச்சில் சொன்னால் ‘பயமா இருக்கிற’. ஓர் இடமோ, ஆளோ, கனவோ, செய்தியோ நமக்குள் பயத்தைக் கிளப்பினால் அது ஸ்கேரி. ‘எ ஸ்கேரி ட்ரீம்’ என்றால் பயமுறுத்திய கனவு. ‘எ ஸ்கேரி ரோடு’ என்றால் போகவே பயமாக இருக்கிற சாலை. சிறுவர்களும் சொல்வார்கள், பெரியவர்களும் சொல்வார்கள். அன்றாடப் பேச்சுச் சொல்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பயம் எதிலிருந்து வருகிறதோ, அதற்குத்தான் இந்தச் சொல். பயப்படுகிற ஆளுக்கு இது பொருந்தாது.

‘ஐ ஆம் ஸ்கேரி’ என்று சொன்னேன், சிரித்தார்கள். என்ன தப்பு?

நீங்கள் சொல்ல நினைத்தது ‘எனக்குப் பயமா இருக்கு’. அவர்கள் காதில் விழுந்தது ‘என்னைப் பார்த்தாலே பயமா இருக்கும்’. சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் ஸ்கேர்டு’.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தமிழில் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்த வீடு பயமா இருக்கு.’ ‘எனக்குப் பயமா இருக்கு.’ இரண்டிலும் ‘பயமா இருக்கு’ அப்படியே நிற்கிறது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. பயம் தருவது எது, பயப்படுவது யார் என்ற வேறுபாட்டை ‘எனக்கு’ என்பதில் உள்ள ‘கு’ தாங்கிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘எனக்குப் பயமாக் கிடக்கு’ என்பார்கள். அங்கேயும் அந்த ‘கு’தான் வேலை செய்கிறது.

இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘எனக்கு’ என்ற இடத்தில் ‘ஐ’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதாவது ‘நான்’. ‘கு’ போய்விட்டது. அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலை பெயரடையின் வாலுக்குப் போகிறது. பயம் தருவதற்கு ‘ஸ்கேரி’, பயப்படுகிறவருக்கு ‘ஸ்கேர்டு’. நம் மனத்தில் ‘பயமா’ என்று ஒரே சொல் இருப்பதால் ஆங்கிலத்திலும் ஒன்றே போதும் என்று நாக்கு முடிவு செய்துவிடுகிறது.

ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்லிப் பழகுங்கள். ‘ராத்திரியில் தனியா வண்டி ஓட்ட எனக்குப் பயமா இருக்கு’ என்பதை ‘ஐ ஆம் ஸ்கேர்டு டு ரைடு அலோன் அட் நைட்’ என்று உங்கள் பக்கமிருந்து சொல்லலாம். ‘ரைடிங் அலோன் அட் நைட் இஸ் ஸ்கேரி’ என்று அந்தச் செயலின் பக்கமிருந்தும் சொல்லலாம். ஐந்தாறு வாக்கியங்களை இப்படித் திருப்பினாலே கைக்கு வந்துவிடும். அப்புறம் இதே கணக்கு ‘போரிங் – போர்டு’, ‘கன்ஃப்யூசிங் – கன்ஃப்யூஸ்டு’, ‘டயரிங் – டயர்டு’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்பவர், தன் பேச்சு அறுவை என்று தானே ஒத்துக்கொள்கிறார்.

இன்னொன்று. ‘ஐ ஆம் ஸ்கேரி’ இலக்கணப் பிழையே இல்லை. பேய் முகமூடி போட்ட பையன் ‘டூ ஐ லுக் ஸ்கேரி?’ என்று கேட்டால் அது மிகச் சரியான ஆங்கிலம். அதனால்தான் கணினியும் கைபேசியும் இந்தத் தப்புக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவதில்லை. நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெறுமனே ‘வெரி ஸ்கேரி!’ என்று மட்டும் சொன்னால்?

தப்பில்லை. கேட்பவர் ‘அது ரொம்பப் பயமா இருந்தது’ என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. ‘ஐ ஆம்’ என்று ஆரம்பித்தால்தான் வால் மாற வேண்டும்.

படம் ‘ஸ்கேரிங்’ ஆக இருந்தது என்று சொல்லலாமா?

‘போரிங்’, ‘டயரிங்’ என்று சொன்ன பிறகு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் ‘ஸ்கேர்’ விஷயத்தில் அந்த இடத்தை ‘ஸ்கேரி’ பிடித்துக்கொண்டுவிட்டது. ‘தி ஃபில்ம் வாஸ் ஸ்கேரி’ அல்லது ‘ஃப்ரைட்டனிங்’ என்று சொல்லுங்கள். ‘ஸ்கேரிங்’ வினையாக வரும்போது மட்டும் சரி: ‘யூ ஆர் ஸ்கேரிங் மீ’, நீ என்னைப் பயமுறுத்துகிறாய்.

‘ஸ்கேர்டு’க்குப் பின்னால் ‘ஆஃப்’ வருமா, ‘டு’ வருமா?

எதைக் கண்டால் பயம் என்று சொல்ல ‘ஆஃப்’. ‘ஐ ஆம் ஸ்கேர்டு ஆஃப் டாக்ஸ்’, எனக்கு நாயைக் கண்டால் பயம். தமிழில் ‘கண்டால்’ இருக்கிறதே என்று ‘சீயிங்’ எல்லாம் சேர்க்க வேண்டாம். நாயிடமிருந்து வரும் பயம் என்று நினைத்து ‘ஃப்ரம்’ போடுகிறவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம்.

ஒரு செயலைச் செய்யத் தயங்கினால் ‘டு’. ‘ஷீ இஸ் ஸ்கேர்டு டு ஆஸ்க்’, கேட்கவே அவளுக்குப் பயம். ஆனால் அந்தச் செயல் நம் விருப்பத்தில் இல்லாமல் தானாக நடந்துவிடக்கூடியது என்றால் ‘ஆஃப்’தான் சரி. கிணற்றில் குதிக்கப் பயம் என்றால் ‘ஸ்கேர்டு டு ஜம்ப்’. விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்றால் ‘ஸ்கேர்டு ஆஃப் ஃபாலிங்’. குதிப்பது நம் கையில், விழுவது நம் கையில் இல்லை.

திடீரென்று ஒரு சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது என்றால் ‘பை’ வரும்: ‘ஐ வாஸ் ஸ்கேர்டு பை தி நாய்ஸ்’.

எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் எப்படி?

எஸ், சி, ஏ, ஆர், ஒய். ‘ஸ்கேர்’ என்ற வினையின் கடைசி ‘ஈ’ போய் ‘ஒய்’ வருகிறது. ஒப்பிட்டுச் சொல்ல ‘ஸ்கேரியர்’, ‘ஸ்கேரியஸ்ட்’. உச்சரிப்பு ‘ஹேரி’, ‘ஃபேரி’ என்பவற்றோடு எதுகையாக வரும். முன்னால் ஓர் ‘இ’ சேர்த்து ‘இஸ்கேரி’ என்று சொல்லாமல், ‘ஸ்’ஸிலிருந்தே தொடங்கப் பழக வேண்டும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சற்று இழுத்துவிட்டுக் ‘கேரி’ சொன்னால் அந்த ‘இ’ தானே உதிர்ந்துவிடும்.

மூன்று சொற்களோடு குழப்பம் வரும். ‘ஸ்கார்’ என்றால் தழும்பு. அதிலிருந்து வரும் ‘ஸ்கார்டு’க்கு இரண்டு ‘ஆர்’, ‘ஸ்கேர்டு’க்கு ஒன்று. ‘ஸ்கார்டு ஃபார் லைஃப்’ என்றால் ஆயுளுக்கும் ஆறாத வடு பட்டவர். வெறுமனே பயந்தவர் என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது, ‘ஸ்கேர்டு’ என்று தட்டச்சு செய்யும்போது ‘சி’யும் ‘ஏ’யும் இடம் மாறினால் ‘சேக்ரெட்’ ஆகிவிடும், அதாவது புனிதமான. ‘ஐ ஆம் சேக்ரெட்’ என்று போய்ச் சேர்ந்த செய்திகள் நிறைய. மூன்றாவது ‘ஸ்கேர்ஸ்’, கிடைப்பதற்கு அரிதான என்று பொருள். அது லத்தீன் வழி வந்த சொல். பயத்தோடு அதற்கு உறவே கிடையாது.

ஒரு மனிதரை ‘ஸ்கேரி’ என்று சொல்லலாமா?

சொல்லலாம். ‘அவர் வந்தாலே பயமா இருக்கும்’ என்ற அளவில் கண்டிப்பான ஆசிரியர், கத்துகிற மேலதிகாரி எல்லோருக்கும் வரும். ஆனால் அவர் காது கேட்கச் சொல்ல வேண்டாம். பயப்படுகிற சுபாவம் உள்ளவரைக் குறிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். அவருக்கு ‘டிமிட்’ என்று உண்டு. நாம் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வதற்குச் சிறுவர் பேச்சில் ‘ஸ்கேர்டி கேட்’ என்பார்கள்.

ஸ்பூக்கி, ஈரி, க்ரீப்பி, மெனசிங் என்று இத்தனை சொற்கள் இருக்கின்றனவே, எதை எங்கே போடுவது?

பொதுவாக அகராதிகளில் இவற்றைப் பயத்தின் அளவை வைத்து வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள்: ஸ்கேரி, அதற்கு மேல் ஃப்ரைட்டனிங், அதற்கும் மேல் டெரிஃபையிங். அது சரிதான். ஆனால் நமக்கு அதைவிட நல்ல வழி ஒன்று கைவசம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தைச் சொல்லி, அது பிறக்கும் இடங்களாக நான்கைக் குறிப்பிடுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ஆங்கிலப் பெயரடைகளை இந்த நான்கில் பிரித்துப் போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாகப் பொருந்தும். பயம் எவ்வளவு என்பதைவிட, பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சரியான சொல் சீக்கிரம் கிடைக்கும்.

அணங்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாதது. பேய், ஆவி, ஆளில்லாத பங்களா, அமாவாசை இருட்டு. இதற்கு ‘ஸ்பூக்கி’, ‘ஈரி’, ‘அன்கேனி’. ‘ஸ்பூக்கி’ டச்சு மொழியில் பேயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; கொஞ்சம் விளையாட்டுத் தொனி உண்டு, அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீன் அலங்காரங்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்வார்கள். அறிவியலிலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. வெகு தொலைவில் உள்ள இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து நடந்துகொள்வதாகக் குவாண்டம் இயற்பியல் சொல்வதை ஏற்க முடியாமல், ஐன்ஸ்டைன் 1947இல் மாக்ஸ் போர்னுக்கு ஜெர்மனில் எழுதிய கடிதத்தில் அதைப் பேய்த்தனமான தொலைவினை என்ற பொருளில் குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் அது ‘ஸ்பூக்கி’ என்றே நிலைத்துவிட்டது. அந்தப் பிணைப்பு உண்மைதான் என்று சோதனைகளால் காட்டியதற்காக ஆலன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘ஈரி’யில் விளையாட்டே இல்லை. ஊரடங்கிய தெருவின் அமைதி, காரணம் தெரியாமல் அடிவயிற்றைப் பிசைகிற உணர்வு, இவற்றுக்கு அது. ‘அன்கேனி’ இன்னும் நுட்பமானது. பழகினதுபோல இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை; அச்சு அசல் மனிதர் போன்ற மெழுகுப் பொம்மையைப் பார்க்கும்போது வருமே, அது. மனிதரைப் போலவே செய்யப்பட்ட ரோபோக்கள் ஓர் எல்லைக்கு மேல் ஏன் நம்மைச் சங்கடப்படுத்துகின்றன என்று ஜப்பானின் மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய கருத்து, ஆங்கிலத்தில் ‘அன்கேனி வேலி’ என்ற பெயரால்தான் அறியப்படுகிறது.

விலங்கு. சீறுகிற நாய், யானை, புலி. இதற்கு ‘ஃபியர்ஸ்’, ‘ஃபெரோஷியஸ்’, ‘ஃபியர்சம்’. சாதாரண ‘ஸ்கேரி’யும் இங்கே நன்றாகவே வேலை செய்யும். ஒரு சின்ன எச்சரிக்கை: ‘கிரிஸ்லி’ என்ற ஒரே ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ‘இஸட்’ இரண்டு போட்டு எழுதுவது நரைத்த நிறம் என்று பொருள்படும், வட அமெரிக்கக் கரடியின் பெயர். ‘எஸ்’ போட்டு எழுதுவது கோரமான, ரத்தம் உறையவைக்கிற என்று பொருள்படும். கரடிக்கு 1815இல் அறிவியல் பெயர் வைத்த ஜார்ஜ் ஆர்டு, ‘ஹாரிபிலிஸ்’ என்ற லத்தீன் சொல்லைச் சேர்த்துவிட்டார். நரை ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம் என்று அந்தக் கரடி இரண்டையும் சுமக்கிறது.

கள்வர். தீங்கு செய்ய நினைக்கிற மனிதர்கள். கத்தியைக் காட்டாமலேயே மிரட்டுகிற பார்வை ‘மெனசிங்’. வாய்விட்டு மிரட்டினால் ‘த்ரெட்டனிங்’. ‘க்ரீப்பி’யையும் இங்கேதான் வைப்பேன். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் நிற்கிறான். கத்தவில்லை, கிட்டேகூட வரவில்லை. நீங்கள் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தால் அவனும் இரண்டடி நகர்கிறான், கைபேசியைப் பார்க்கிற மாதிரியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறான். உடம்பில் ஏதோ ஊர்வதுபோல அருவருப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. அதுதான் க்ரீப்பி, அதன் வேரான ‘க்ரீப்’ என்பதற்கே ஊர்தல் என்றுதான் பொருள். இந்த இடத்தில் ‘ஸ்கேரி’ என்று சொன்னால் பயம் தெரியும், அருவருப்பு தெரியாது. பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அவன் செய்ததை அவன் பெயரிலேயே சொல்லிவிடுகிற சொல் அது.

இறை. அரசன் முதலாக நமக்கு மேலே நிற்பவர்கள். அவர்கள் நமக்குக் கெடுதல் செய்யப்போவதில்லை, ஆனாலும் எதிரே நின்றால் குரல் கம்முகிறது. ‘இன்டிமிடேட்டிங்’, ‘ஃபார்மிடபிள்’. வெற்றிபெற முடியாத அளவு வலுவான எதிரணியையும் ‘ஃபார்மிடபிள்’ என்பார்கள். அதில் பயத்தோடு மரியாதையும் கலந்திருக்கும். இன்று ‘சூப்பர்’ என்ற பொருளில் எல்லோரும் வாரி வழங்குகிற ‘ஆசம்’ இந்த வகையில் பிறந்ததுதான். ‘ஆ’ என்ற அதன் வேர்ச்சொல், தெய்வத்தின் முன்னால் வருகிற பயமும் பக்தியும் கலந்த நிலை.

இந்த நான்கிலும் அடங்காத பயங்கள் நம் காலத்தில் நிறைய. கடன், நோய், பரீட்சை, வேலைக்கான நேர்காணல். மலைக்கவைக்கிற பெரிய வேலைக்கு ‘டான்டிங்’. கவலைப்படும்படி ஏறிக்கொண்டே போகிற எண்ணிக்கைக்கு ‘அலார்மிங்’.

பேய்ப் படத்தை ‘ஹாரிபிள் ஃபில்ம்’ என்று சொல்லலாமா?

கூடாது. ‘ஹாரிபிள் ஃபில்ம்’ என்றால் படு மோசமான படம், காசு வீண். பேய்ப் படம் ‘ஹாரர் ஃபில்ம்’. பார்த்து நடுங்கினேன் என்றால் ‘இட் வாஸ் டெரிஃபையிங்’ அல்லது ‘ரியலி ஸ்கேரி’. நம் நாளிதழ்கள் ‘கோர விபத்து’ என்று போடுவதற்கு ஆங்கில நாளிதழ்கள் ‘ஹாரிஃபிக் ஆக்சிடென்ட்’ என்று போடும்.

இந்தக் குடும்பத்துக்கு மூலமான லத்தீன் வினை ‘ஹாரெரே’, மயிர் சிலிர்த்து நிற்றல் என்று பொருள். நாம் மயிர்க்கூச்செறிதல் என்கிறோமே, அதேதான். பயத்திலோ குளிரிலோ நரம்புகள் தூண்டப்பட்டு, ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் உள்ள சின்னஞ்சிறு தசை சுருங்குவதால் மயிர் நிமிர்கிறது.

டெரிபிள், டெரிஃபிக், டெரிஃபையிங் மூன்றும் ஒன்றா?

வேர் ஒன்று, பாதை மூன்று. ‘டெரெரே’ என்ற லத்தீன் வினைக்கு நடுங்கவைத்தல் என்று பொருள். இன்றைய ஆங்கிலத்தில் ‘டெரிஃபையிங்’ மட்டும்தான் அந்தப் பயத்தை முழுதாக வைத்திருக்கிறது. ‘டெரிபிள்’ படிப்படியாக ‘ரொம்ப மோசமான’ என்று ஆகிவிட்டது: ‘டெரிபிள் பெயின்’ தாங்க முடியாத வலி, ‘ஐ ஃபீல் டெரிபிள்’ உடம்போ மனசோ சரியில்லை. ‘டெரிஃபிக்’ எதிர்த் திசையில் போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டில் நடுங்கவைக்கிற என்ற பொருளில் வந்த சொல், 19ஆம் நூற்றாண்டில் ‘மிகப் பெரிய’ என்றாகி, அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ‘அபாரம்’ என்று பாராட்டாகிவிட்டது. ஆகவே மேலதிகாரி உங்கள் வேலையை ‘டெரிஃபிக்’ என்றால் இனிப்பு வாங்குங்கள். ‘டெரிபிள்’ என்றால் மறுபடி உட்கார்ந்து செய்யுங்கள்.

பழைய பொருள் சில பெயர்களில் உறைந்து கிடக்கிறது. 1547இல் ரஷ்யாவின் ஜார் மன்னராக முடிசூடிய நான்காம் இவானை ‘இவான் தி டெரிபிள்’ என்பார்கள். மோசமான இவான் என்று படித்தால் பாதிதான் கிடைக்கும். ரஷ்ய மொழியில் அவருக்குள்ள ‘க்ரோஸ்னி’ என்ற அடைமொழிக்கு எதிரிகள் அஞ்சத்தக்கவர் என்று பொருள். மேலே சொன்ன ‘இறை’ வகை அச்சம் அது. டைனோசரும் அப்படியே. 1842இல் அந்தப் பெயரைப் போட்ட ரிச்சர்ட் ஓவன் ‘டெய்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை எடுத்தது, மிரளவைக்கும் அளவு பெரியது என்ற கருத்தில். ‘கொடூரப் பல்லி’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப்போடுவது அவர் நினைத்ததைவிடச் சற்றுக் கடுமையான மொழிபெயர்ப்பு.

பயமே இல்லாத இடத்தில் ‘ஸ்கேரி’ என்கிறார்களே?

ஆமாம். ‘இட்ஸ் ஸ்கேரி ஹவ் ஃபாஸ்ட் தே க்ரோ’ என்றால் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிடுகிறார்கள் என்ற மலைப்பு. ‘ஸ்கேரிலி அக்யுரேட்’ என்றால் பயப்படும் அளவுக்குத் துல்லியம். நண்பர்களுக்குள் ‘ஸ்கேரி குட்’ என்றும் சொல்வார்கள். நாம் ‘பயங்கர அழகு’, ‘பயங்கர சந்தோஷம்’ என்று சொல்வதில்லையா, நடிகர் மிரட்டிவிட்டார் என்று பாராட்டுவதில்லையா? இந்த வழக்கு தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று வாடிக்கையாளர் சேவையில் ஏன் சொல்கிறார்கள்? எதற்குப் பயப்படுகிறார்கள்?

பயப்படவில்லை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் தி டாக்டர் இஸ் நாட் அவைலபிள்’ என்றால் ‘மன்னிக்கணும், டாக்டர் இப்போது இல்லை’. கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்கிற மரியாதை அது. இந்த இடத்தில் ‘ஸ்கேர்டு’ போடக் கூடாது. ‘அஃப்ரெய்ட்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வராது. பயந்துபோன குழந்தையை ‘எ ஃப்ரைட்டன்டு சைல்டு’ அல்லது ‘எ ஸ்கேர்டு சைல்டு’ என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டுரையிலும் புகார்க் கடிதத்திலும் ‘ஸ்கேரி’ எழுதலாமா?

பேச்சுத் தேர்வில் தாராளமாகச் சொல்லலாம். கட்டுரையில் ‘ஃப்ரைட்டனிங்’ அல்லது ‘அலார்மிங்’ நன்றாக நிற்கும்.

புகார் என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வீட்டு உரிமையாளரோ மேலாளரோ நடந்துகொண்ட விதத்தை ‘ஹீ வாஸ் ஸ்கேரி’ என்று எழுதினால் அது உங்கள் உணர்வை மட்டும் சொல்கிறது; படிக்கிற அதிகாரிக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. கதவை எட்டி உதைத்தார், வெளியே வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்றார் என்று நடந்ததை நடந்தபடி எழுதி, அதற்கு ‘த்ரெட்டனிங்’ என்று பெயர் வையுங்கள். வெளிநாட்டில் தனியாக இருக்கிற நம் பிள்ளைகள் பலர் நேர்ந்ததை முழுதாகச் சொல்லச் சொல் இல்லாமல் ‘ஸ்கேரி’யோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தக் கூடாது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து. ‘ஸ்கை’, ‘ஸ்கின்’, ‘ஸ்கர்ட்’ எல்லாம் அதே வழியில் வந்தவை. மூலம் ‘ஸ்கிர்ரா’ என்ற வினை, பயமுறுத்தல். அதற்கும் பின்னால் ‘ஸ்கியார்’ என்றொரு பெயரடை இருக்கிறது. அதன் பொருள் கூச்சமுள்ள, மிரளுகிற. ‘ஸ்கேரி’ என்ற வடிவம் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டுகிறது.

சுவையான இடம் இனிமேல்தான். பிற்காலத்தில் அமெரிக்கப் பேச்சில் ‘ஸ்கேரி’க்கு ‘எளிதில் மிரளுகிற’ என்ற பொருளும் இருந்தது. சில அகராதிகள் இன்றும் அதைக் குறிக்கின்றன. ‘ஈரி’ நேர் தலைகீழ்: முதலில் அது ‘பயந்த சுபாவமுள்ள’ என்றுதான் பொருள்பட்டது, ‘பயம் தருகிற’ என்பது வெகுநாள் கழித்து வந்தது. பயப்படுகிறவரையும் பயமுறுத்துவதையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆங்கிலேயருக்கும் இயல்பாகவே வந்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு ‘ஐ ஆம் ஸ்கேரி’ என்று சொல்லிவிட்டு அந்தப் பழைய பொருளைத் துணைக்கு அழைக்க முடியாது. கேட்கிறவருக்கு அது தெரியாது.

‘ஃபியர்ஃபுல்’ எந்தப் பக்கம்?

இன்று பெரும்பாலும் பயப்படுகிறவர் பக்கம்: ‘ஃபியர்ஃபுல் ஆஃப் லூசிங் ஹிஸ் ஜாப்’. பழைய நூல்களில் பயங்கரமான என்ற பொருளிலும் வரும். ‘ஃபியர்சம்’ எப்போதும் பயம் தருவதன் பக்கம்.

குழந்தையிடம் ‘பயப்படாதே’ என்பதை எப்படிச் சொல்வது?

‘டோன்ட் பி ஸ்கேர்டு’ அல்லது ‘டோன்ட் பி அஃப்ரெய்ட்’. ‘டோன்ட் ஸ்கேர்’ என்றால் ‘பயமுறுத்தாதே’ என்று ஆகிவிடும். எதற்குப் பயம் என்று கேட்க ‘வாட் ஆர் யூ ஸ்கேர்டு ஆஃப்?’, கடைசி ‘ஆஃப்’ விடக் கூடாது. இருட்டுக்குப் பயம் என்று குழந்தை சொல்ல ‘ஐ ஆம் ஸ்கேர்டு ஆஃப் தி டார்க்’. பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற ஆசிரியரிடம் விடும் முன், இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். கழிப்பறையில் விளக்கு எரியாத நாளில் அவன் அதைச் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.